சிமியோன் அத்தானின் சுருதி

என் அக்கா கத்தரீனாவின் கணவர் சிமியோனைக் குருநகரில் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய குரலைத் தெரியாதவர்கள் இல்லை. படகு இஞ்சின் திருத்துவதுதான் தொழில். இறங்குதுறைக்குப் போகும் ஒழுங்கையில் தகரம் போட்ட பட்டறை. காலையில் கழற்றிய இஞ்சினுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார் என்றால் மத்தியானம் வரை கையும் ஓயாது, வாயும் ஓயாது. முழங்கை வரை கறுத்த எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். பாட்டு ஒழுங்கை முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். மீன் வாங்க வரும் பெண்கள் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். அதை அவர் கவனிப்பார். கவனிக்காத மாதிரி இருப்பார்.

காது என்றால் அப்படி ஒரு காது. கரைக்கு வரும் படகைத் திரும்பிப் பார்க்காமலே, “உது மரியதாசின்ரை இஞ்சின். ஒரு பிளக் வேலை செய்யேல்லை, நாளைக்குக் கொண்டு வருவான்” என்று சொல்லுவார். மறுநாள் மரியதாஸ் கொண்டு வந்து நிற்பார். இப்படிப்பட்ட காதுக்காரருக்குத் தன் தொண்டையில் நடந்தது கேட்கவில்லை என்பதுதான் நான் சொல்லப் போகிற விசயம்.

சின்ன வயதில் கோவில் பாடகர் குழுவில் தொடங்கியது. இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் பூசை நடந்த காலத்தில், ஆர்மோனியம் இல்லாமல் வெறுங்குரலில் பாடி முழுச் சனத்தையும் அழவைத்தவர் என்று அக்கா சொல்லுவாள். அந்த அழுகையில்தான் அக்காவும் விழுந்தாள். ஊர் திரும்பிய பிறகு அவரும் எமில்ராஜ் அண்ணையும் சேர்ந்து ‘சீகல்ஸ்’ என்ற இசைக்குழுவைத் தொடங்கினார்கள். எமில்ராஜ் அண்ணை பகலில் மீன்வாடிகளுக்கு ஐஸ் கொடுப்பவர், மாலையில் கீபோட் வாசிப்பவர். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். கலியாணம், பெருநாள், விளையாட்டுக் கழக விழா என்று எங்கே மேடை போட்டாலும் சீகல்ஸ் இருக்கும். சீகல்ஸ் என்றால் சிமியோன்.

மேடையில் அத்தானுக்கு ஒரு முறை உண்டு. பழைய படப்பாட்டு ஒன்றை நாங்கள் ‘உச்சப் பாட்டு’ என்போம். சரணத்தில் குரல் ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் நின்று சுழல வேண்டும். சாதாரணத் தொண்டைக்காரன் அந்த இடத்தில் இருமிக்கொண்டு இறங்கிவிடுவான். அந்தப் பாட்டுக்கு முன்னால் அத்தான் சிலுவை அடையாளம் போடுவார். மைக்கை இரண்டு விரலால் தட்டுவார். பிறகு சனத்தைப் பார்த்து, “றெக்கோட்டிலை எந்தச் சுருதியோ, அதே சுருதி. இந்த வயசிலையும் அரைக் கட்டை இறக்கேல்லை” என்பார். சனம் விசில் அடிக்கும். கலியாண வீடுகளில் சொன்னார், பெருநாளில் சொன்னார், சலூனில் தலைமயிர் வெட்டும்போதும் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது. ஆனால் அந்த ஒரு பெருமைக்காகத்தான் அவர் எண்ணெய்க் கையோடு நாள் முழுக்க இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஆனி மாதம் எமில்ராஜ் அண்ணை பட்டறைக்கு வந்தார். என் ஓட்டோவின் சைலன்சர் கழன்றுபோனதால் நானும் அங்கே இருந்தேன். வந்தவர் நேரே விசயத்துக்கு வரவில்லை. ஐஸ் விலை, காற்று, கடல் என்று சுற்றினார்.

“சிமியோன், பண்ணைக் கடற்கரையிலை அந்தக் கிளப் இருக்கெல்லே. சனிக்கிழமையளிலை பாட்டுக் கச்சேரி வைக்கப் போகினமாம். எங்களைக் கேட்டிருக்கினம்” என்றார் கடைசியில்.

“நல்லதுதானே. செய்வம்” என்றார் அத்தான்.

“கனக்கப் புதுப் பாட்டுத்தான் கேக்கினம். வெளிநாட்டிலை இருந்து லீவுக்கு வாற பொடியள் ஆடுற இடம். அதாலை ஜெரிசனைப் போடுவம் எண்டு யோசிக்கிறன்.”

அத்தானின் கையில் இருந்த திருகுசாவி நின்றது. ஜெரிசன் எங்கள் கோவில் பங்குப் பொடியன்தான். இருபத்துமூன்று வயது இருக்கும். கோவிலில் பாடுவான், போனில் பாடிப் பதிவு போடுவான், ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள். அவனுடைய தகப்பனுடைய இஞ்சின்தான் அந்த நேரம் அத்தானின் கையில் கழன்று கிடந்தது.

“நீயும் வா. பழைய பாட்டு ரெண்டு நீ பாடு” என்றார் எமில்ராஜ் அண்ணை.

“ரெண்டு பாட்டோ? கடைசிப் பந்தியிலை சட்டியைச் சுரண்டிப் போடுற மாதிரியோ? நான் பாடினா முழுக்கப் பாடுவன். இல்லாட்டி இல்லை.”

“அப்ப இல்லை எண்டே வைக்கட்டோ?” என்று எமில்ராஜ் அண்ணை மெதுவாகக் கேட்டார்.

அதை அத்தான் எதிர்பார்க்கவில்லை. கெஞ்சுவான், கையைப் பிடிப்பான், நாலு தரம் வந்து போவான், ஐந்தாம் தரம் மனமிரங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர் அவர். “வை” என்று சொல்லிவிட்டு இஞ்சினுக்குள் தலையை விட்டார். எமில்ராஜ் அண்ணை போன பிறகும் தலையை வெளியே எடுக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது வியாதி. பொறாமை என்று எழுதினால் மூன்று எழுத்து. அது ஒரு வீட்டுக்குள் வந்து படுத்தால் என்ன பாடு என்று எங்கள் அக்காவைக் கேட்க வேண்டும். சோற்றில் உப்பில்லை என்றார். உப்பு இருந்தது. கோவிலில் ஜெரிசன் பாடிய ஞாயிற்றுக்கிழமை பூசை முடியமுன்னர் எழுந்து வந்துவிட்டார். “உவன் ஆண்டவருக்குப் பாடேல்லை, போனுக்குப் பாடுறான்” என்றார். ஜெரிசனின் நடை சரியில்லை, தாடி சரியில்லை, சிரிப்புச் சரியில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் அவனுடைய தலையில்தான் வந்து முடியும். ஒருநாள் நான் பண்டத்தரிப்புக்குச் சவாரி போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “பண்டத்தரிப்பிலையும் உவன்ரை பாட்டுத்தான் போடுறாங்களோ?” என்று கேட்டார். நான் கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலையானால் எமில்ராஜ் அண்ணை வீட்டில் பயிற்சி நடக்கும். பட்டறையில் இருந்து வீட்டுக்கு வரும் வழி அதுவல்ல. ஆனாலும் அத்தான் அந்த வழியாலேதான் வந்தார். மதிலடியில் செருப்பைக் கழற்றி மண் தட்டுவார். ஒரு மனிதனுடைய செருப்பில் தினமும் எவ்வளவு மண் இருக்க முடியும்? நான் ஓட்டோவில் வரும்போது இரண்டு தரம் கண்டேன். ஒருநாள் உள்ளே ஜெரிசன் உச்சப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். அத்தான் ஒரு கையில் செருப்போடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

“எப்பிடி அத்தான்?” என்று கேட்டேன்.

“சொல்லு விளங்கேல்லை. ழகரம் எங்கையோ போகுது” என்றார். அந்தப் பாட்டில் எனக்குத் தெரிந்து ழகரம் ஒன்றுதான்.

இதற்குள் ஜெரிசனின் தகப்பன் இஞ்சினைக் கேட்டு வந்து வந்து போனார். “சாமான் வரேல்லை” என்றார் அத்தான். சாமான் வந்து பெட்டியோடு இறாக்கைத் தட்டில் இருந்தது. அந்த மனிசன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய் வந்தார். கடைசியில் அக்காதான் ஒருநாள் காலை பட்டறைக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். “இந்த இஞ்சின் இண்டைக்குப் போகாட்டி இரவு நீங்களும் இஞ்சினோடை பட்டறையிலை படுங்கோ” என்றாள். மத்தியானமே இஞ்சின் போய்விட்டது. தொழிலில் அவர் பொய் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். புது இஞ்சின் மாதிரித்தான் திருத்திக் கொடுத்தார். எரிச்சல் கைக்கு இறங்கவில்லை, வாயோடும் வயிற்றோடும் நின்றுவிட்டது.

கச்சேரிக்கு இரண்டு இருக்கைக்குச் சீட்டு எமில்ராஜ் அண்ணை என்னிடம்தான் கொடுத்துவிட்டார். அத்தான் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை பின்னேரம் அத்தான் தலைக்குச் சாயம் போட்டு, மேடைக்குப் போடும் நீலச் சேட்டை மடிப்புக் கலையாமல் போட்டு, வாசலில் வந்து நின்றார்.

“சும்மா பாப்பம் எண்டுதான்” என்றார்.

அக்காவுக்கா தெரியாது? “கடல் வத்தினாக் கருவாடு தின்னலாம் எண்டு உடல் வத்திச் செத்துதாம் கொக்கு. போயிட்டு வாங்கோ” என்றாள். அவன் பிழைவிடுவான் என்று காத்திருக்கத்தான் இந்த மனிதர் போகிறார் என்பதை இதைவிட யாரும் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

முன்பு உத்தியோகத்தர்மார் சீட்டு விளையாடிய கிளப் அது. இப்போது கண்ணாடி போட்டு, குளிரூட்டி, ஒரு பக்கம் மேடையும் மறுபக்கம் மதுக்கூடமும் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே பண்ணைக் கடல் பொழுதுபடுகிற வெளிச்சத்தில் கிடந்தது. மேசைகளில் பாதிப் பேர் கனடா, லண்டன். எங்களுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த நரைத்த மனிதர் அத்தானை உற்றுப் பார்த்தார்.

“நீங்கள் சீகல்ஸ் சிமியோன் எல்லே? என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்திலை பாடினனீங்கள். ஏன் மேடையிலை இல்லை?”

“தொண்டை கொஞ்சம் சரியில்லை” என்றார் அத்தான். பிறகு என்னவோ தாங்க முடியாமல், “அந்த உச்சப் பாட்டு ஞாபகமோ? இண்டைக்கும் அதே சுருதிதான். அரைக் கட்டை இறக்கேல்லை” என்றார். தொண்டை சரியில்லாதவர் சொல்கிற பேச்சா அது? அந்த மனிதர் நல்லவர், தலையாட்டினார்.

மேடையில் பாதிப் பேர் புதியவர்கள். பழைய கிற்றார்க்காரன் பிரான்சுக்குப் போய்விட்டதால் அவன் இடத்தில் புத்தூரில் இருந்து கிருஷாந் என்ற பொடியன் வந்திருந்தான். எமில்ராஜ் அண்ணையும் மேளம் வாசிப்பவரும்தான் பழைய ஆட்கள். நடுவில், அத்தான் இத்தனை காலம் நின்ற இடத்தில், கறுப்புச் சேட்டோடு ஜெரிசன்.

மாதா பாட்டோடு தொடங்கினார்கள். சீகல்ஸ் எந்த மேடையிலும் அப்படித்தான் தொடங்கும். பிறகு புதுப் பாட்டுகள். நான் உள்ளதைச் சொல்கிறேன், பொடியன் வெளுத்து வாங்கினான். மூன்றாம் பாட்டுக்குக் கதிரைகளைத் தள்ளிவிட்டுச் சனம் ஆடத் தொடங்கியது. அத்தான் மட்டும் சோடாப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

“உது பாட்டோ? சத்தம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மூச்சை எங்கை எடுக்கிறான் பார், சொல்லுக்கு நடுவிலை” என்றார். அதற்குப் பிறகு பிழை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ஜெரிசன் கையை உயர்த்திச் சனத்தை அமர்த்தினான்.

“இப்ப ஒரு பழைய பாட்டு. எங்கடை சிமியோன் அண்ணை பாடிப் பாடித்தான் எங்களுக்கெல்லாம் இது தெரியும். அண்ணையும் இண்டைக்கு வந்திருக்கிறார்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், கை தட்டினார்கள். அத்தான் பல்லைக் காட்டினார். சனம் அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதுக்குள், “என்ரை பாட்டைப் பறிச்சுப்போட்டு எனக்கே மாலை போடுறான், பாத்தியோ?” என்றார்.

ஜெரிசன் சிலுவை அடையாளம் போட்டான். மைக்கை இரண்டு விரலால் தட்டினான். அப்படியே அத்தான் மாதிரி. அதைக் கண்டதும் அத்தானின் கழுத்து நரம்பு எழும்பியது.

கீபோட் முன்னிசை தொடங்கியது. எட்டு எண்ணிக்கைக்குப் பிறகு கிற்றார் சேர வேண்டும். சேர்ந்தது. அந்த நிமிடம் என் போன்ற ஞானசூனியத்துக்கே பல் கூசியது. கீபோட் ஒரு சுருதி, கிற்றார் ஒரு சுருதி. ஜெரிசன் கீபோட்டைப் பிடித்துத் தொடங்கினான், பிறகு கிற்றாருக்கு ஏறப் பார்த்தான், நடுவில் குரல் பிளந்தது. ஒரு மேசையில் சிரித்தார்கள். யாரோ நாய் மாதிரி ஊளையிட்டார்கள். அடுத்த மேசையும் சிரித்தது. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தான் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. அவருடைய மகள் பிறந்த அன்றுகூடக் கண்டதில்லை. “பாத்தியோ! சொன்னனான் எல்லே!” என்று என் தொடையில் அடித்தார். அவர் சொன்னது ழகரத்தைப் பற்றி. இருந்தாலும் எழுந்துவிட்டார். நீலச் சேட்டை இழுத்துவிட்டார். அந்த நரைத்த மனிதரிடம், “பொறுங்கோ, இப்ப கேப்பியள்” என்று சொல்லிவிட்டு மேடையை நோக்கி நடந்தார். பிடித்து இழுத்துவரத்தான் நான் பின்னால் போனேன். மேடைப் படியடியிலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை, அவர் ஏறிவிட்டார். அதனால் அங்கே பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது.

கிருஷாந், “அண்ணை, கீபோட் ஒண்டரைக் கட்டை இறங்கிக் கிடக்கு” என்று எமில்ராஜ் அண்ணையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் ஏதோ பொத்தானை அழுத்திச் சரிசெய்தார். நெற்றி வியர்த்திருந்தது. ஜெரிசன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான், காதெல்லாம் சிவந்து.

“மைக்கைத் தா” என்றார் அத்தான். அவன் கொடுத்துவிட்டான். “எமில், நான் பாடுறன். தொடங்கு.”

அத்தானைக் கண்டதும் சனம் விசில் அடித்தது. எமில்ராஜ் அண்ணைக்குப் போன உயிர் திரும்பியது மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டினார். அவருடைய கை இப்போதுதான் சரிசெய்த அதே பொத்தானுக்கு மறுபடி போனது.

“என்ன அண்ணை, திரும்ப இறக்கிறியள்?” என்று கிருஷாந் கேட்டான்.

புத்தூர்ப் பொடியன், புதியவன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. எமில்ராஜ் அண்ணை கண்ணைக் காட்டினார். அவனுக்கு விளங்கவில்லை. அத்தானுக்கு விளங்கியது. மைக்கை நெஞ்சோடு அமத்திக்கொண்டு கீபோட்டுக்குக் கிட்டப் போனார்.

“என்னத்தை இறக்கிறாய்?”

“ஒண்டுமில்லை. நீ பாடு.”

“எமில். என்னத்தை இறக்கிறாய்?”

எமில்ராஜ் அண்ணை கீபோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “உனக்கு இறக்கிறதுதான். முதல் அரைக் கட்டை இறக்கினன். நீ கண்டுபிடிக்கேல்லை. பிறகு ஒரு கட்டை. போன வருசம் துடக்கம் ஒண்டரை. பொடியன் உன்னை மாதிரியே சிலுவை போட்டு மைக்கைத் தட்டினான். அந்தத் தட்டைக் கேட்டா என்ரை கை தானாவே இறக்கும். பழகிப்போச்சு.”

கீபோட்டில் அப்படி ஒரு பொத்தான் உண்டாம். விரல் அதே இடத்தில்தான் போகும், சுருதி மட்டும் கீழே இறங்கும். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது அத்தானின் முகம் மட்டும்தான்.

“ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“என்னெண்டு சொல்லுறது? நீ ஒவ்வொரு மேடையிலையும் மைக்கிலை அதைச் சொல்லிப்போட்டெல்லே தொடங்குவாய்.”

அத்தான் ஜெரிசனைப் பார்த்தார். “உனக்கும் தெரியுமோ?”

ஜெரிசன் தலையைக் குனிந்தான். “ஓம் அண்ணை. ஆருக்கும் சொல்லேல்லை.”

எமில்ராஜ் அண்ணை சொன்னதைவிட இதுதான் அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். இத்தனை நாளும் யாருடைய பிழையைத் தேடி மதிலடியில் மண் தட்டினாரோ, அவன் இவருடைய பிழையைத் தெரிந்துகொண்டு மூடிவைத்திருக்கிறான். சனம் கை தட்டிக் கூப்பிடத் தொடங்கியது. எமில்ராஜ் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

“மச்சான், இஞ்சை ஒருதருக்கும் தெரியாது. இறக்கிப்போட்டு வாசிக்கிறன். பாடிப்போட்டுப் போ. வாற சனிக்கிழமையும் நீயே வா.”

அது உண்மை. ஒருவருக்கும் தெரியாது. பாடினால் கைதட்டல், பழைய இடம், பொடியன் ஒரு ஓரத்தில். அத்தான் அந்த மாதம் முழுக்கக் கேட்டது அதைத்தான். நான் கீழே நின்று, பாடுங்கோ அத்தான், வாயை மூடிக்கொண்டு பாடுங்கோ என்று மனதுக்குள் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு பாட முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

“இறக்காதை” என்றார் அத்தான்.

“சிமியோன், வேண்டாம்.”

“இறக்காதை எண்டுறன். றெக்கோட்டிலை இருக்கிற சுருதியிலை வாசி.”

முன்னிசை வந்தது. மேலே இருந்து வந்தது. முன்பு கேட்ட பாட்டுத்தான், ஆனால் யன்னல் திறந்த அறை மாதிரி வெளிச்சமாக இருந்தது. கிற்றார் சேர்ந்தது. அத்தான் சிலுவை போடவில்லை, மைக்கைத் தட்டவில்லை, சனத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேரே பல்லவிக்குள் போனார்.

நன்றாகத்தான் இருந்தது. நான் பயந்த மாதிரி இல்லை. கழுத்து புடைத்தது, குதிக்கால் எழும்பியது, ஆனாலும் குரல் நின்றது. சனம் அமைதியானது. சரணத்தின் முதல் அடியும் ஏறிவிட்டது. இரண்டாம் அடியில் ஒரு கரகரப்பு வந்தது. எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காமல் இருக்குமா? அடுத்த அடிதான் உச்சம். நடுக்கடலில் எண்ணெய் முடியப்போகிற இஞ்சினுக்கு ஒரு சத்தம் உண்டு, கடைசியாக ஒருதரம் இழுத்துவிட்டு நிற்கும். அந்தச் சத்தம் எந்த இஞ்சினில் வந்தாலும் தெரிகிற மனிதர், முதல்தரமாகத் தன் தொண்டையில் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

கண்ணைத் திறந்தார். பக்கத்தில் ஜெரிசன் நின்றான். அவனைப் பார்த்த பார்வையில் அன்பு கிடையாது, அதை நான் சத்தியம் பண்ணுவேன். கொடுக்க மனமில்லாதவன் கொடுக்கிற பார்வை. கை மட்டும் நீண்டது. மைக்கை அவனுடைய வாய்க்கு நேரே பிடித்தார்.

பொடியன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அந்த உச்சத்தை எடுத்தான், நிறுத்தினான், சுழற்றினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற வாகனச் சாரதிமார்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. திட்டம் போட்டுச் செய்தார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அந்த அடியை முடிக்கும் வரை அத்தான் கையை எடுக்கவில்லை. பிறகு மைக்கை அவன் கையில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பாடு என்று தலையை அசைத்துவிட்டு இறங்கினார்.

இருக்கைக்கு வரும் வழியில் யார் யாரோ முதுகில் தட்டினார்கள். அந்த நரைத்த மனிதர் எழுந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்ன ஒரு சோடி! குருவும் சீடனும் மாதிரி” என்றார். “அவன் என்ரை சீடனில்லை” என்றார் அத்தான். மரியாதையாகத்தான் சொன்னார்.

உட்கார்ந்தார். சோடாவை ஊற்றிக் கொடுத்தேன், தொடவில்லை. மேடையில் ஜெரிசன் கடைசிப் பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தான். போகலாமா என்று கேட்டேன். பொறு என்று கையைக் காட்டினார். முடியும் வரை கேட்டார். செருப்பு, மண், மதில் ஒன்றும் இல்லாமல், கதிரையில் நிமிர்ந்து இருந்து, முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் தட்டினார். மெதுவாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

“லெனாட்” என்று என்னைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்கோ அத்தான்.”

“நல்லாப் பாடுறானடா.”

“ஓம் அத்தான்.”

“அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.”